அண்டாவுக்குள்ள பாடுன பாட்டு

தமிழ்ல மொத மொத சைக்கடெலிக் ராக் பாட்டு எழுதுனவன் நாந்தான். மதுரையில எவனக் கேட்டாலும் சொல்லுவான்.

எவனும் சொல்ல மாட்டான், பொய்யி. மூணாங்கிளாஸுல வாத்தியார் வேட்டியில மையக் கொட்டிட்டு செவரேறிக் குதிச்சவன் நான். அப்பறம் அந்தத் தெருப்பக்கமே போகல. இதையே எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுறேன். பாட்ட எழுதுனது என் கூட்டாளி. அதுல என்னோடது ஒரே ஒரு வரி. அதையும் பாட்டுன்னு நெனச்சுச் சொல்லல, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காமக் கேட்டது.

எமர்ஜென்சி முடிஞ்ச சமயம். பழங்காநத்தத்துல ஒரு மைக்செட் கடையில நான் ஆப்பரேட்டரு. ஆப்பரேட்டருன்னா பெருசா நெனச்சுக்கிறாதீங்க, கொழா ஸ்பீக்கரத் தோள்ல போட்டுக்கிட்டு தென்னமரத்துல ஏறுறவன். எறங்குன பெறகு மைக்க டெஸ்ட் பண்ணணும். மத்தவன்லாம் அலோ அலோம்பான். நான் ஊருக்குள்ள இருக்கவங்க மாதிரியே பேசுவேன். ஒரு கல்யாணத்துல பொண்ணோட அப்பா கொரல்லயே "பந்தியில ரெண்டாந்தடவ பாயாசம் கெடையாது"ன்னு மைக்குல சொல்லிப்புட்டேன். மாப்பிள்ள வீட்டுக்காரவுங்க எந்திரிச்சிட்டாங்க. அன்னைக்கு விழுந்த அடி இடது காதுல இன்னும் கொய்யுங்குது.

கூட்டாளி சௌராஷ்ட்ரா வீட்டுப் பையன். மகாலுக்குப் பின்னாடித் தெருவுல அவுக அப்பாவுக்கு சாயப்பட்டற. பகல்ல நூலுக்குச் சாயம் ஏத்துவான், கல்யாணம் காட்சின்னா கச்சேரியில கித்தார் வாசிப்பான். முழங்கை வரைக்கும் நாளுக்கொரு கலரா இருப்பான். செவப்பு நாள்ல எங்கூட டீ குடிக்க உக்காந்தா, எவனையோ வெட்டிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். பக்கத்து பெஞ்சு காலியாயிரும், நாங்க தாராளமா உக்காந்துக்கிருவோம்.

ஒருநா கோயிலப் பாக்க வந்த சடமுடி வெள்ளக்காரன் ஒருத்தனுக்கு கித்தார் கம்பி அறுந்துபோச்சு. எவனோ கைகாட்டி எங்க கடைக்கு அனுப்பிவிட்டுட்டான். கூட்டாளி தன் கம்பியக் குடுத்தான். அவன் பதிலுக்கு ஒரு பெரிய ரெக்கார்டத் தந்து, இதான் சைக்கடெலிக் ராக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கடையில போட்டுப் பாத்தோம். கித்தாரு அழுகுது, சிரிக்குது, தலகீழா ஓடுது. பாடுறவன் தண்ணிக்குள்ள இருந்து பாடுறாப்புல இருக்கு. மொதலாளி ஓடி வந்து, முள்ளு போயிருச்சா, மிசின ஒடச்சிட்டியாடான்னு என் மண்டையில ஒண்ணு போட்டாரு. எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. கூட்டாளி மட்டும் வெரலால வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தான். கேட்டு முடிச்சுட்டு, இது காய்ச்சல்ல படுத்துக் கெடக்கப்ப காதுல கேக்குற சத்தம்டான்னான். இப்பிடி ஒண்ணு தமிழ்ல போடணும்டா மாப்ளன்னான்.

போடலாம்னேன். எனக்கென்ன, சரின்னு சொல்றதுல ஒரு கஷ்டமுமில்ல.

பாட்டு பட்டறயில வந்துச்சு. கொதிக்கிற தொட்டிக்குள்ள கையி மூழ்க நூல முக்கிக்கிட்டிருந்தான். நான் எதுக்க உக்காந்து கடல தின்னுக்கிட்டிருந்தேன். அன்னைக்குக் கத்திரிப்பூ கலரு. தண்ணிக்குள்ள கையே தெரியல. கையி எங்கிட்டுடா போச்சுன்னு கேட்டேன். அவன் பட்டுனு நிமுந்தான். ஈரக்கையோட செவத்துல கரியால எழுதுனான்.

சாயத்தொட்டியில சூரியன் விழுந்துச்சு
சாயங்காலம் அத நூலா எடுத்தேன்
எடுத்த கையி எங்கிட்டுப் போச்சு
எங்கிட்டுப் போச்சு, நானும் எங்கிட்டு

மூணாவது வரி என்னோடது. இதத்தான் மொதல்ல அம்புட்டு வீம்பாச் சொன்னேன்.

அப்ப அவன் கல்யாணம் முடிச்சு ஒரு வருசம். வீட்டுக்காரி மாசமா இருந்துச்சு. பாட்டு முடியிறதுக்குள்ள அவனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. சாயப் பொக, சளின்னு இருந்தான். கரகரப்பு போகவே இல்ல. பெரியாஸ்பத்திரியில காட்டுனாங்க. உள்ள கட்டி இருக்கு, கொரவளைய எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னு சொல்லிட்டாங்க. உசுரு இருக்கும், கழுத்துல ஓட்ட போட்டு மூச்சு விடலாம், ஆனா பேச்சு வராது. அடுத்த வியாழக்கெழமை ஆபரேசன்.

அத அவன் எங்கிட்ட கடை வாசல்ல நின்னு சொன்னான். எனக்கு இந்த மாதிரி நேரத்துல என்ன பேசணும்னு தெரியாது. ஒம் பொண்டாட்டி குடுத்து வச்சவ, இனிமே எதுத்தே பேச மாட்டன்னேன். சிரிச்சான். சிரிச்சிட்டு சொன்னான்.

"மாப்ள, பிள்ள பெறக்க மூணு மாசம் இருக்கு. அது என் கொரலக் கேக்கவே கேக்காதுடா."

பேசிப் பதிஞ்சு வையிடான்னேன். மைக்கப் பாத்துப் பிள்ளைக்கிட்ட என்னத்தடா பேசுறது, பேசுனா அழுதுருவேன், பாடுனா வரும்னான். அதுக்குத்தான் அந்தப் பாட்டு. ஒலகத்துக்கெல்லாம் இல்ல. தொட்டில் போடுற அன்னைக்கு அந்தப் பிள்ள அப்பன் கொரலக் கேக்கணும், அம்புட்டுத்தான்.

தண்ணிக்குள்ளருந்து பாடுற மாதிரி வேணும்ல. அதுக்கு மெசினு மதுரையில எங்க இருக்கு. எனக்குக் கோச்சடையில பெரியப்பா கெணறு ஞாபகம் வந்துச்சு. வயக்காட்டுக் கெணறு, வட்டமா, படி வச்சுக் கட்டுனது. கோடையில அடியில முழங்காத் தண்ணிதான் கெடக்கும். சின்னப்பிள்ளையில அதுக்குள்ள எறங்கி நான் ஊரக் கெட்ட வார்த்தையில வைவேன், அது என்னைய நாலு தடவ திருப்பி வையும்.

புதன்கெழமை மத்தியானம் ரெண்டு பேரும் டேப்பு மிசின், மைக்கு, ஆம்பிளிபயரு, கொழா அம்புட்டையும் மாட்டுவண்டியில ஏத்திட்டுப் போனோம். பம்புசெட்டு ரூமுலருந்து கரண்டு எடுத்தேன். பெரியப்பா வரப்புல நின்னுக்கிட்டு, எவன்டா செத்ததுன்னு கேட்டாரு. கொழாயப் பாத்தாலே அவருக்கு அப்பிடித்தான். இன்னும் இல்லன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டேன். கூட்டாளி கேக்காத மாதிரி வயரச் சுத்திக்கிட்டிருந்தான்.

திட்டம் இதுதான். மொதல்ல அவன் தனியாப் பாடணும், கெணறு கூடவே பாடும். பாடி முடிச்சு மேல ஏறி வந்து கித்தார எடுப்பான். கித்தார் சத்தம் கொழா வழியா வரும். அந்தக் கொழாயக் கயத்துல கட்டிக் கெணத்துக்குள்ள தொங்கவிட்டு நான் ஊஞ்சலாட்டணும். அப்பத்தான் சத்தம் சுத்திச் சுத்தி வரும், கேக்குறவனுக்குக் கெறக்கம் வரும். இதுக்கு மேல எனக்கு ராக் தெரியாது.

இந்த எடத்துல எங்க கடை வழக்கம் ஒண்ணச் சொல்லணும். எங்க மொதலாளி டேப்பு எதுலயும் மொதல்ல பிள்ளையார் பாட்டுத்தான் இருக்கும். எப்பவோ ஒரு கல்யாணத்துல தெரியாம மொத பாட்டே சாவுப் பாட்டா ஓடி, அவரத் தூண்ல கட்டி வச்சுட்டாங்களாம். அதுலருந்து எதப் பதிஞ்சாலும் மொத நாலு நிமிசம் ரீல சும்மா ஓடவிடணும், அப்பறம்தான் பதியணும். பெறகு கடைக்கு வந்து அந்த வெத்து எடத்துல பிள்ளையார ஏத்தணும். சட்டம் மாதிரி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

மைக்கக் கெணத்துக்குள்ள எறக்கிட்டு நான் ரீல மாட்டி, சும்மா ஓடவிடலாம்னு இருக்கேன். அவன் படியில எறங்கிக்கிட்டே பாட ஆரம்பிச்சிட்டான். ஒத்திகைக்குத்தான் பாடுனான். கரகரத்த கொரலு அது, செத்த கொரலு. கெணத்துக்குள்ள போகப் போக அது வேற என்னமோ ஆயிருச்சு. சாயத்தொட்டியில சூரியன் விழுந்துச்சுன்னு பாடுறான், நாலு பக்கமும் அவனே பாடுறான், புறாவெல்லாம் படபடன்னு வெளிய வருது. இத விட்டா திரும்ப வராதுன்னு தோணுச்சு. நாலு நிமிசமாவது மண்ணாவதுன்னு பதியிற பட்டன அமுக்கிட்டேன். சரியாத்தான் அமுக்குனேன். வாழ்க்கையில நான் சரியாச் செஞ்ச ஒரே வேல அதுதான்.

அஞ்சு நிமிசத்துக்கு மேல பாடுனான். மேல ஏறி வந்து கித்தார் வாசிச்சான். நான் கயத்த ஆட்டி ஆட்டி உள்ளங்கை உரிஞ்சு போச்சு. முடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் இருமுனான். இருமி முடிச்சு என்னையப் பாத்து, "பதிஞ்சிருச்சாடா மாப்ள?"ன்னான். அதுவும் டேப்புல விழுந்துச்சு.

பதிஞ்சிருச்சுன்னேன்.

மறுநா காலையில பத்து மணிக்கு ஆபரேசன். நான் எட்டு மணிக்கே கடையத் தொறந்துட்டேன். சாமி கும்பிடணும்னு இருந்துச்சு. கோயிலுக்குப் போயிருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச சாமி எல்லாம் ரெக்கார்டுலதான் இருக்கு. அந்த டேப்புல பிள்ளையார் பாட்டு இல்லையேன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அது இல்லாம இருக்கப் போயித்தான் ஆபரேசன்ல ஏதாவது ஆயிருமோன்னு பயம். ரீலத் தலப்புக்குச் சுத்துனேன். பிள்ளையார் ரெக்கார்ட எடுத்துத் தொடச்சுப் போட்டேன். பதியிற பட்டன அமுக்குனேன். அவன நல்லபடியாத் திருப்பி அனுப்பி வையப்பான்னு கன்னத்துல போட்டுக்கிட்டு, மனசு லேசாகி, டீக்கடைக்குப் போயிட்டேன்.

நாலு நிமிசம் சும்மா ஓடவிடலங்கறது டீ பாதி குடிக்கிறப்பத்தான் தலையில எறங்குச்சு. கிளாஸோட ஓடுனேன். பிள்ளையார் முடிஞ்சு ரெக்கார்டு சுத்தி முள்ளு கரக் கரக்குன்னு தேச்சுக்கிட்டிருக்கு, ரீலு அதையும் பதிஞ்சுக்கிட்டிருக்கு. நிப்பாட்டிப் போட்டுப் பாத்தேன். பிள்ளையாரு. அப்பறம் கரக் கரக்கு. அப்பறம் கித்தாரு. அவன் பாடுனதுல ஒரு வார்த்தகூட மிச்சமில்ல. கடைசியில இருமலு, "பதிஞ்சிருச்சாடா மாப்ள?"

மணி ஒம்பது. ஆஸ்பத்திரிக்கு ஓடுனா இன்னொரு தடவ பாட வச்சிரலாம்னு சைக்கிள எடுத்தேன். நான் போயிச் சேரவும் உள்ள கொண்டு போயிட்டாங்க. சீக்கிரமே கூப்பிட்டுட்டாங்களாம். வாசல்ல அவன் வீட்டுக்காரி வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என்னையப் பாத்து, அண்ணே, பாட்டு நல்லா வந்திருக்காம்லன்னுச்சு. ஆமாத்தான்னேன்.

அப்பறம் பொய்யி மேல பொய்யி. அவன் கண்ண முழிச்சு, சிலேட்டு வாங்கி, மொதல்ல எழுதுனது "பாட்டு?"ன்னுதான். பத்திரமா இருக்குடான்னேன். வீட்டுக்கு வந்து கேட்டான், மிசினு ரிப்பேருன்னேன். தொட்டிலன்னைக்குத்தான் போடணும், அதுக்கு முன்னாடி கேட்டா நல்லாருக்காதுன்னு ஒரு சாஸ்திரமே கண்டுபுடிச்சேன். அவன் நம்புனான். நம்புறதத் தவிர அவனுக்கு வேற வழியில்ல, எங்கிட்ட சண்ட போடணும்னாக்கூட சிலேட்டு பத்தாது.

பொம்பளப் பிள்ள பெறந்துச்சு. தொட்டில் போடுற நாளும் வந்துருச்சு. நான் மிசினப் பின்கட்டு ரூமுல வச்சேன், ஸ்பீக்கர் பொட்டிய மட்டும் கூடத்துல வச்சேன். ரூமுக்குள்ள யாரும் வரக்கூடாது, வயரு திறந்து கெடக்கு, தொட்டா தூக்கிப் போட்டுரும்னு ஊரயே மெரட்டிட்டேன். தெரைய இழுத்து விட்டேன். அந்த ரூமுல விசேசத்துக்கு எடுத்த பித்தள அண்டா ஒண்ணு காலியாக் கெடந்துச்சு. அதச் சாச்சு வச்சு, மைக்க உள்ள போட்டு, தலைய விட்டு லேசா ஒரு சத்தம் குடுத்துப் பாத்தேன். கெணறு.

பிள்ளையத் தொட்டில்ல போட்டாங்க. பிள்ளையார் பாட்ட டேப்புல ஓடவிட்டேன், எல்லாரும் கும்பிட்டாங்க. கரக் கரக்கு வரவும் டேப்பு சத்தத்தக் கொறச்சிட்டு, அண்டாவுக்குள்ள தலைய விட்டேன். மூணு மாசமா அதத்தான் ராத்திரி பகலா எனக்குள்ள பாடிக்கிட்டிருந்தேன். அந்தக் கரகரப்பு, 'சூரியன்'கிறப்ப மூக்குல ஏத்துவான்ல அது, வரி முடிவுல மூச்சு வாங்குறது. ஊருல எல்லார் கொரலையும் கிண்டலுக்குத்தான் புடிச்சிருக்கேன். அன்னைக்கு ஒரு தடவதான் பயந்து பயந்து புடிச்சேன்.

கூடத்துல யாரோ விசும்புறது கேட்டுச்சு. நான் மூணாவது வரிக்கு வந்திருந்தேன். தெர வெலகுச்சு. வெளிச்சம் அண்டாவுக்குள்ள வந்துச்சு. தலைய எடுக்காமத் திரும்பிப் பாத்தேன். அவன் கால் நிக்கிது.

நிப்பாட்டவும் முடியல, பாடவும் முடியல. எடுத்த கையி எங்கிட்டுப் போச்சுன்னு பாடிட்டு அப்பிடியே நிக்கிறேன். அவன் பக்கத்துல உக்காந்தான். சுத்துற ரீலப் பாத்தான், என்னையப் பாத்தான். எல்லாம் புரிஞ்சிருச்சு. நான் அடி விழும்னு கண்ண மூடிக்கிட்டேன். அவன் கழுத்துல இருந்த ஓட்ட வழியா மூச்சு புஸ் புஸ்ஸுன்னு போறது மட்டும் கேட்டுச்சு. பெறகு அவன் என் தொடையில தாளம் போட்டான். மேல பாடுங்குறான்.

பாடுனேன். நான் தாளத்த விட்டப்பல்லாம் தொடையில ஓங்கி ஒண்ணு வச்சான். பாட்டு முடியவும் அவனே டேப்போட சத்தத்த ஏத்துனான். அவன் கித்தாரு அவன் வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வந்துச்சு.

எல்லாரும் சாப்புடப் போன பெறகு சிலேட்ட எடுத்தான். "மேல போறப்ப இழுத்துட்ட. மத்தபடி நாந்தான்"னு எழுதிக் காட்டுனான். அழிச்சுட்டு, "எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத"ன்னு எழுதுனான். அதையும் அழிச்சுட்டு கொல்லப் பக்கம் போயி செவத்தப் பாத்து நின்னான். முதுகு குலுங்குச்சு. சத்தமே இல்ல. அவனுக்கு அழுகுறதுக்கும் கொரலு கெடையாதுன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. அத எடுத்ததுல பாதி டாக்டரு, மீதி நான்.

அதுக்கப்பறம் மூணு வருசம் இருந்தான். மத்தியானத்துல கடைக்கு வருவான். அந்த டேப்போட கடைசிய மட்டும் போடச் சொல்லுவான். இருமலு, "பதிஞ்சிருச்சாடா மாப்ள?" கேட்டுட்டு என்னையப் பாத்து இல்லன்னு தலையாட்டுவான், சிரிப்பான். தெனமும் அதே கூத்து. எனக்கு மட்டும் பழகவே இல்ல.

பிள்ளைக்கு மூணு வயசு முடியிறப்ப போயிட்டான். அவன் வீட்டுக்காரி பிள்ளையோட ஆனையூருக்குக் குடிவந்துச்சு. தெவசத்தன்னைக்கு பாட்டுப் போடுறது எந்த ஊருலயும் கெடையாது. இந்த வீட்டுல மட்டும் உண்டு. படையல் போட்டுட்டு, அண்ணே, அவுகளக் கொஞ்சம் பாடச் சொல்லுங்கன்னு அது சொல்லும். நான் பின்கட்டுல தெரையப் போட்டுக்கிட்டு அண்டாவுக்குள்ள தலைய விட்டுருவேன். எனக்கு வயசு ஏறுது, தொண்ட தடிக்குது. செத்தவன் கொரலு வருசா வருசம் கெழடாகிக்கிட்டு வருதுன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல.

பிள்ளைக்கு இப்ப பதினோரு வயசு. அப்பா கொரலு தெரியுமான்னு கேட்டா தெரியும்னு சொல்லும். பாடியே காட்டும், மூக்குல ஏத்தி. பள்ளிக்கூடத்துல அப்பா இல்லாத பிள்ளைகள்ட்ட, எங்கப்பா பாட்டு எங்க வீட்டுல இருக்குன்னு பெருமையடிக்குமாம்.

இன்னைக்கு தெவசம். நேத்து சாயங்காலம் பிள்ள எங்கிட்ட வந்து உக்காந்துச்சு. மாமா, இந்த வருசம் நான் போடுறேன், எனக்கு மிசினு ஓட்டத் தெரியும்னுச்சு. வயரு அடிக்கும்னு சொல்லிப் பாத்தேன். பள்ளிக்கூடத்துல கரண்டப் பத்திப் படிச்சிட்டோம்னுச்சு. பெறகு எங்கையப் புடிச்சுக்கிட்டு, "பாவம் மாமா நீங்க, வருசா வருசம் உள்ள தனியா உக்காந்திருக்கீங்க, இந்தத் தடவ எங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க"ன்னுச்சு.

இப்ப மிசினு கூடத்துல இருக்கு. நான் கொல்லையில தொவைக்கிற கல்லுல உக்காந்து இத எழுதிக்கிட்டிருக்கேன். எழுதுனா ஒரு வழி தெரியும்னு நெனச்சேன். வயர அத்து விட்டுறலாம். இந்த வருசம் தப்பிக்கலாம். அடுத்த வருசமும் அது கேக்கும். உண்மையச் சொல்லிட்டா, பதினோரு வருசமா அது அப்பான்னு வச்சிருக்கிற கொரலப் புடுங்குறேன். ஒரே மனுசனோட கொரல ரெண்டு தடவ.

காலையில அதோட அம்மாகிட்ட சொல்லிரலாம்னுதான் வந்தேன். இங்கதான், இதே கல்லுகிட்ட, புளியப் போட்டு அண்டாவத் தேச்சுக்கிட்டிருந்துச்சு. ஒவ்வொரு வருசமும் நான் வர்றதுக்கு முன்னாடியே அண்டா பளபளன்னு பின்கட்டுல இருக்கும். மைக்செட்டுக்கு அண்டா எதுக்குன்னு அது கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. தங்கச்சி, ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்னு ஆரம்பிச்சேன். அது தலை நிமிராமத் தேச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"இதுக்குள்ள ஒங்களுக்கு மூச்சு முட்டலையாண்ணே?"

 எப்பருந்தும்மா தெரியும்னு கேட்டேன். தொட்டிலன்னைக்கே, மொத வரியிலயேன்னுச்சு. புருசன் கொரலு தெரியாதாண்ணே பொண்டாட்டிக்குன்னு சொல்லிட்டு, அண்டாவக் கவுத்துத் தண்ணிய ஊத்துச்சு. அப்ப பிள்ளைக்கிட்ட என்னத்தச் சொல்லப் போறோம்னு கேட்டேன். அது கையத் தொடச்சிட்டு, என் பக்கத்துல வந்து நின்னு, அண்ணே, நான் ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன், டேப்போட கடைசியில அவுக நெசக் கொரலு இருக்குல்ல, நீங்க மட்டும்...

"மாமா, எல்லாரும் உக்காந்தாச்சு. நான் போடப் போறேன், வாங்க."

கூப்புடுது. இந்தா வாரேன்த்தா.